பழுதைத் தேடும் கைகள்

குடிகாட்டிலிருந்து சிதம்பரம் சாலையில் வடக்கே போனால் கடலூர் முதுநகர். அங்கே அண்ணன் தம்பி இருவர் நடத்தும் சிறிய பிரிண்டர் சர்வீஸ் கடையில், வேலை நடப்பதைப் பார்க்க அனுமதி கேட்டு உட்கார்ந்தேன். சுவரோரம் எப்சன், கேனன், எச்.பி. இயந்திரங்கள் மேல்மூடி கழற்றிய நிலையில் வரிசையாக இருந்தன.

குடிகாட்டுக்காரர் ஒருவர் இங்க் டேங்க் பிரிண்டரையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்தார். "ஒரு பக்கம் வர ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆவுது தம்பி. புதுசு வாங்கிடவா?"

தம்பி திருப்புளியை எடுக்கவில்லை. முதலில் அந்தப் பிரிண்டரிலேயே ஒரு ஜெராக்ஸ் எடுத்தார். "இது வேகமா வந்தா கோளாறு கம்ப்யூட்டர்லண்ணே." ஜெராக்ஸ் அங்கங்கே திணறினாலும் சீக்கிரமே வந்துவிட்டது.

லேப்டாப்பைத் திறந்தார். எப்போதோ படம் அச்சடிக்க வைத்த 'போட்டோ பேப்பர்', 'ஹை' தேர்வுகள் அப்படியே இருந்தன. இந்த அமைப்பில் மசி தெளிக்கும் ஹெட் ஒரே இடத்தின்மேல் பலமுறை போய்வரும். சாதாரணத் தாளுக்கு மாற்றினார். இரு திசையிலும் அச்சடிக்கும் 'பைடைரக்ஷனல்' வசதி அணைந்திருந்தது, அதையும் போட்டார். அச்சு வேலைகளை வரிசையில் வைக்கும் ஸ்பூலரை நிறுத்தி, பாதியில் தேங்கிக் கிடந்த பழைய ஃபைல்களை அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டார். வேகம் கூடியது. ஆனாலும் ஹெட் இடையிடையே தடுமாறியது.

இப்போது அண்ணன் மூடியைத் திறந்தார். ஹெட் ஓடும் பாதை நெடுக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை இருக்கிறது. என்கோடர் ஸ்ட்ரிப் என்பார்கள். அதில் உள்ள நுண்கோடுகளைச் சென்சார் எண்ணித்தான் ஹெட் நிற்கும் இடத்தைக் கணிக்கிறது. மசி தெறித்தால் கணக்குத் தப்பிவிடும். நூல் உதிராத துணியை லேசாக நனைத்து மெல்லத் துடைத்தார். "அழுத்தித் தேச்சா கோடே அழிஞ்சிடும் சார்" என்றார் என்னிடம். தாளை இழுக்கும் ரப்பர் ரோலரிலிருந்து காகிதத் தூசியையும் எடுத்தார். கடற்காற்றில் தாள் நமுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால், பிரித்த தாள்கட்டைப் பிளாஸ்டிக் பையில் மூடி வைக்கச் சொன்னார். வாரம் ஒரு கலர் பக்கமாவது அச்சடித்தால் மசி ஹெட்டில் காயாது என்றும் சொல்லி அனுப்பினார்.

ஒரு பாகமும் மாற்றாமலே பிரிண்டர் ஓடியது. குப்பைக்குப் போகவிருந்த இயந்திரம் வீடு திரும்பியது.

இப்படிப் பொருள்களைச் சரிசெய்து பயன்படுத்தும் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு வழிவகை காண மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. பிரிண்டரையும் உள்ளடக்கிய புதிய மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. விதிகள் எத்தனை வந்தாலும், இயந்திரத்தின் ஆயுளை நீட்டிப்பவை இத்தகைய கடைகளில் உழைக்கும் கைகளே. பிரிண்டர் மெதுவானால் புதியதை வாங்கும்முன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். துடைத்ததற்கா இவ்வளவு கூலி என்று பேரம் பேசாதீர்கள். பழுது எங்கே என்று கண்டறிந்த அறிவுக்குத்தான் அந்தக் கூலி.