தாய் தந்த தூவி



அன்னத்தின் தூவியால் அமைந்த படுக்கையைப் பழந்தமிழ் இலக்கியம் பேசுகிறது. தூவி என்பது பறவையின் உடலோடு ஒட்டியிருக்கும் மெல்லிறகு. அத்தகைய தூவிக்குப் பெயர் பெற்ற ஈடர் என்னும் கடல்வாத்து, வடதுருவத்தை அடுத்த குளிர்ந்த கடற்கரைகளில் வாழ்கிறது.

இப்பறவையை நான் அறிந்துகொள்ளக் காரணம் ஒரு மாணவனின் கேள்வி. குஞ்சுகளை இழந்து தவித்த தாய்ப் பறவையைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், எடுத்தவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு பணித்த செய்தி அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. அதனை மதரஸாவில் விளக்கியபோது, "அப்படியானால் கூட்டிலிருந்து எதையுமே எடுக்கக் கூடாதா, ஹஜ்ரத்?" என்றான் அவன். விடை தேடிப் படித்தபோது ஈடர் கிடைத்தது.

ஆண் ஈடர் கருப்பும் வெள்ளையுமாய், பிடரியில் இளம்பச்சை பூசியதுபோல் அழகாயிருக்கும். பெட்டையோ மண்ணிறம், புல்லிடையே அமர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. சிப்பிகளை ஓட்டோடு விழுங்கி, வயிற்றிலேயே அரைத்துக்கொள்ளும் வலிமை இப்பறவைக்கு உண்டு. பெட்டை தன் மார்பின் தூவியைத் தானே பறித்துக் கூட்டில் பரப்பி, நான்கு முதல் ஆறு முட்டைகள் இடுகிறது. ஏறத்தாழ 25 நாட்கள் பெரும்பாலும் உண்ணாமலே அடைகாக்கிறது. அதற்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. ஆண் துணை அதற்கு முன்பே கடலுக்குத் திரும்பிவிடும்!

ஐஸ்லாந்து உழவர்கள் இக்கூடுகளை நரிகளிடமிருந்து காவல் காக்கின்றனர். குஞ்சுகள் வெளியேறிய பின்னர் தூவியை எடுக்கின்றனர். முன்னரே எடுத்தால் ஒரு பகுதியை விட்டுவைத்து, உலர்ந்த புல்லை ஈடாக வைக்கின்றனர். ஒரு கிலோ தூவிக்குச் சுமார் 60 கூடுகள் வேண்டும். அங்கே ஈடரைக் கொல்வது 1847 முதல் சட்டப்படி குற்றம். நார்வேயின் வேகா தீவு மக்கள் இவற்றுக்குச் சிறு வீடுகளே கட்டித் தருகின்றனர். அத்தீவுக் கூட்டத்தை யுனெஸ்கோ 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கட்டிப்போடாத இந்தக் காட்டுப் பறவைகள் ஆண்டுதோறும் தாமாகவே அங்கு திரும்பி வருகின்றன.

மாணவனிடம் சொன்னேன்: "எடுக்கலாம், காத்தவனாக எடு, குஞ்சின் உரிமை போக எடு, எடுத்த இடத்தை வெறுமையாக விடாதே."

நம் இல்லங்களிலும் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் தாய் ஒருத்தி இருக்கிறாள். அவள் உழைப்பின் வெதுவெதுப்பில்தான் நாம் உறங்குகிறோம். அவளிடமிருந்து எடுத்த இடத்தில் நாம் எதை வைத்தோம்? சிந்திப்போமாக.

பெற்றதற்கு நன்றி செலுத்துவோராக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.