பீச் டு செங்கல்பட்டு... ஒரு சிறுகோள் அகலம்!

அமாவாசையை ஒட்டி ரெண்டு நாள் லீவு கிடைச்சா, வழக்கம்போல ஈ.சி.ஆர். பக்கம் ஓடாதீங்க. பீச் ஸ்டேஷன்ல செங்கல்பட்டு லோக்கலைப் பிடிங்க. அங்கிருந்து பஸ்ஸில் உத்திரமேரூர். கையோடு நாலு இஞ்ச்சுக்குக் குறையாத ஒரு டெலஸ்கோப். பிசிக்ஸ் லேப் மூலையில தூங்கிட்டிருக்கும். ஹெச்.ஓ.டி.க்குக் கொஞ்சம் ஐஸ் வெச்சா கிடைச்சுடும்!

வழியில நுங்கம்பாக்கம் வரும். 1792-ல் உருவான மெட்ராஸ் அப்சர்வேட்டரி அந்த ஏரியாவில்தான் இருந்தது. 1861 ஏப்ரல் 17 அன்று நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடிச்சார். ஆசியக் கண்டத்திலிருந்து அகப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் பேரே 'ஏசியா'. வரிசை எண் 67. நாம தேடிப் போறது அதைத்தான். இன்னிக்கு நுங்கம்பாக்கத்துல வானத்தைப் பார்த்தா தெருவிளக்கு வெளிச்சம்தான் மிச்சம். அதனாலதான் இந்த பஸ் பயணம்.

செங்கல்பட்டுல இறங்கியதும் வந்த தூரத்தைக் கணக்குப் பண்ணுங்க. சுமார் 60 கிலோமீட்டர். ஏசியாவின் குறுக்களவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுத்துற சிலிகேட் பாறை அது. தன்னைத்தானே ஒருமுறை சுத்த ஏறக்குறைய 16 மணி நேரம். சூரியனை வட்டமா சுத்தாம, நீள்வட்டத்துல 29 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கி, 43 கோடி வரை விலகிப் போகும். ஒரு சுற்றுக்கு மூணே முக்கால் வருஷம். நீங்க பி.எஸ்ஸி. சேர்ந்த அன்னிக்குக் கிளம்பினா, டிகிரி முடிஞ்சு அரியர் எழுதற நேரத்துல திரும்பி வரும்!

ஈர்ப்பு? சாதாரணப் பாறையின் அடர்த்தியை வெச்சுக் கணக்குப் போட்டா, மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல எறிஞ்சது எதுவும் திரும்பி விழாது. 2003 உலகக் கோப்பையில ஷோயிப் அக்தர் போட்ட 161 கிலோமீட்டர் பந்தை அங்கே போட்டிருந்தா, அம்பயர் புதுப் பந்து எடுக்க வேண்டியதுதான்.

உத்திரமேரூரில் ஊரைத் தாண்டி ஏரிப் பக்கம் போங்க. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வானம் தெளிவா இருக்கும். ஏசியா சூரியனுக்கு நேரெதிரே வர்றது சுமார் 16 மாசத்துக்கு ஒருமுறைதான், அதனால ஸ்டெல்லேரியம் மென்பொருளில் பார்த்துட்டுத் தேதி குறிங்க. ஒரு எச்சரிக்கை: டெலஸ்கோப்பிலும் அது வெறும் புள்ளிதான். பக்கத்து நட்சத்திரத்துக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்தப் பகுதியில தெரியற புள்ளிகளை அப்படியே பேப்பர்ல வரைஞ்சுட்டுத் தூங்கப் போங்க.

மறுநாள் பகலுக்கு வைகுண்டப் பெருமாள் கோயில். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. வேட்பாளர் வயசு 35-லிருந்து 70 வரை, கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லைன்னு சுவர் முழுக்க விதிகள். (இதை நம்ம ஸ்டூடண்ட்ஸ் யூனியன் எலெக்‌ஷனுக்கும் கொண்டு வரலாம்!) அதை வெட்டின நாளிலிருந்து ஏசியா 290 தடவைக்கு மேல சூரியனைச் சுத்திடுச்சு.

ராத்திரி மறுபடி அதே இடம், அதே பேப்பர். ஒரே ஒரு புள்ளி மட்டும் நிலாவின் அகலத்தில் பாதி அளவுக்கு நகர்ந்திருக்கும். போட்டோ வசதி இல்லாத காலத்துல போக்சனும் வரைபடத்தையும் வானத்தையும் ஒப்பிட்டுத்தான் பிடிச்சார். வடகிழக்குப் பக்கம் சென்னையின் வெளிச்சம் மங்கலா ஏறிட்டிருக்கும். போக்சனோட வானம் கொஞ்சம் கொஞ்சமா இங்கேயும் சுருங்குது. சீக்கிரம் போயிட்டு வந்துடுங்க.