மை இருக்கிறது

லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறவர்களுக்குச் சம்பளம் இல்லாவிட்டாலும் மைச் செலவு நிச்சயம் உண்டு. பதினெட்டுப் பிள்ளைகள், வாரம் மூன்று தாள், கணக்குப் பாருங்கள். அதனால் பல வருடமாக வெம்பிளியில் ஓர் அண்ணையின் கடையில் பழைய காட்ரிஜ்களுக்கு மை நிரப்பி வாங்கிவந்தேன். போன வருடம் பிரிண்டர் இரவோடிரவாகத் தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டது. விடிய, முதல்நாள்வரை வேலை செய்த காட்ரிஜ்ஜை ஏற்க முடியாது என்றது.

அண்ணை காட்ரிஜ்ஜைத் திருப்பிக் காட்டினார். சுண்டுவிரல் நகமளவில் ஒரு தகடு. அதுதான் சிப்.

“தங்கச்சி, மையை இது பார்க்கிறதில்லை. எண்ணுது, அவ்வளவுதான்.”

அனேகமான பிரிண்டர்களில் கதை இதுதான். எத்தனை துளி தெளித்தது என்று இயந்திரம் கணக்குவைத்துச் சிப்பில் எழுதிவிடும். கணக்கு முடிந்தால் மையும் முடிந்ததாம். திரும்ப நிரப்பினாலும் சிப்பில் பழைய கணக்குத்தான். அண்ணை அதை ஒரு சின்னக் கருவியால் அழித்துத் தந்துகொண்டிருந்தார். 2003இலேயே இங்குள்ள நுகர்வோர் சஞ்சிகை ‘விச்?’, காலி என்று சொல்லப்பட்ட சில காட்ரிஜ்களில் இன்னும் மை கிடந்ததைச் சோதித்து எழுதியது.

சிப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு: தான் எந்தக் கொம்பனியின் பிள்ளை என்று சொல்வது. 2016 செப்டெம்பர் 13 அன்று உலகெங்கும் பல எச்.பி. பிரிண்டர்கள் ஒரே நாளில் பிறருடைய காட்ரிஜ்களை மறுத்தன. மாதங்களுக்கு முன்பே இறங்கிய மென்பொருளுக்குள் அந்தத் திகதி ஒளிந்திருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. தடையை நீக்கும் மென்பொருளையும் தந்தது. முறையை மட்டும் கைவிடவில்லை. வேறு கொம்பனிகளிடமும் இந்தப் பழக்கம் உண்டு.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில், அப்பா மோட்டார் சைக்கிளை நாலு சொட்டுப் பெற்றோலில் உதைத்துக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார். புகைக்கும், இருமும். ஆனால் எண்ணெய் எங்கே வாங்கினாய் என்று அது கேட்டதில்லை. விசாரிக்கிறதுக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். காசு கொடுத்து வாங்கி என் மேசையில் வைத்த பெட்டி வேறு யாருடைய சொல்லையோ கேட்கிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. காசு அடுத்த கதை.

இப்போது போத்தலிலிருந்து மை ஊற்றுகிற பிரிண்டர் வாங்கிவிட்டேன். விலை கூட. மை எவ்வளவு கிடக்கிறதென்று பக்கத்தால் கண்ணாலேயே பார்க்கலாம். அண்ணையிடம் சொன்னபோது தலையாட்டினார். அவருடைய மை ஊசிகள் லாச்சிக்குள் போய்விட்டன. இப்போது போன் கண்ணாடி மாற்றுகிறார்.