வேறு வைத்தல்

நற்றிணையின் 110ஆம் பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். போதனார் பாடியது. பொற்கிண்ணத்தில் தேன் கலந்த பாலுடன் முதிய செவிலியர் பின்தொடர, உண்ண மறுத்துப் பந்தரைச் சுற்றி ஓடிய சிறுமி, மணமாகிக் கணவன் குடி வறுமையுற்றபோது தந்தை வீட்டுச் சோற்றை நினைத்தும் பாராமல், ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது உண்கிறாள். இந்த அறிவை எங்கே கற்றாள் என்று பாடல் வியக்கிறது. இல்லறச் சிறப்பு என்று எழுதி மாணவர்கள் மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். பெண் பசித்திருப்பதைப் பெற்றவர்கள் பிறகே அறிகிறார்கள் என்பது நம் வீட்டிலிருந்து ஒருத்தி புறப்படும்போதுதான் உறைக்கிறது.

பழந்தமிழ்த் தாயின் பிரிவுக்கு இலக்கணம் துறை வகுத்துக் கொடுத்திருந்தது. உடன்போக்கில் சென்ற மகளுக்காக நற்றாய் புலம்பலாம். போர்க்களம் சென்ற மகனைக் குறித்துக் காவற்பெண்டு பெருமிதம் கொள்ளலாம். திருமணமும் இல்லாமல் போரும் இல்லாமல், 22 வயதில், மாதச் சம்பளத்தை நம்பிச் சென்னையில் வாடகை அறைக்குப் போகிறவளுக்கு எந்தத் துறை? "யாரை நம்பி அனுப்புறீங்க?" என்று உறவினர் கேட்டனர். அவளை நம்பித்தான் என்ற விடை ஒருவருக்கும் போதவில்லை.

எங்களுக்கு வழிகாட்டியது செட்டிநாட்டு வழக்கம் ஒன்று. நாங்கள் அந்தச் சமூகத்தினர் அல்லர். காரைக்குடிப் பக்கம் சில காலம் பணியாற்றியபோது அறிந்தது. நகரத்தார் குடும்பங்களில் மகனுக்கு மணமானதும் 'வேறு வைத்தல்' உண்டு. வீடு ஒன்றேதான். வளவைச் சுற்றிய அறைகளில் ஒன்று புதுத் தம்பதியருக்கு. பின்கட்டில் அவர்களுக்கெனத் தனி அடுப்பு. அரிசியும் பிற பண்டங்களும் அளந்து கொடுக்கப்படும். அந்த அளவுக்குள் குடித்தனம் நடத்துவது அவர்கள் பாடு. அடுத்த அடுப்பில் மாமியார் சமைத்துக்கொண்டிருப்பார். வட்டித் தொழில் செய்தவர்கள் அன்பையும் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்று கேலி பேசுவோர் உண்டு. எமக்கு அப்படித் தோன்றவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்துகொண்டு கை நீட்டாமல் இருப்பது எளிய காரியமா என்ன?

எங்கள் மகளுக்கும் அளந்தே கொடுத்தோம். அறைக்கான முன்பணம், இரண்டு மாதச் செலவு, ஒரு குக்கர், மருத்துவக் காப்பீட்டு அட்டை. பிறகு அவள் பாடு.

ஐந்தாம் மாதம் அவளுக்கு டெங்கு வந்தது. தானே பரிசோதனை செய்துகொண்டு, தானே மருத்துவமனையில் சேர்ந்து, நான்காம் நாள் வீடு திரும்பும்போதுதான் தொலைபேசியில் சொன்னாள். வீட்டில் அன்று யாரும் சாப்பிடவில்லை. எங்களில் ஒருவருக்குக் கோபம் அடங்கவில்லை. மற்றவருக்குக் கோபத்தினடியில் மெல்லிய பெருமையும் இருந்தது. அதை அன்று வெளியே சொல்ல இயலவில்லை.

ஒரு வாரம் கழித்து மூவரும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். கையிருப்பு குறைந்தால் அவள் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் கேட்கவும் மாட்டோம். காய்ச்சல் என்றால் அன்றே சொல்லிவிட வேண்டும். அவளும் ஒரு நிபந்தனை வைத்தாள்: எங்கள் உடல்நிலையையும் அவ்வாறே அவளுக்கு மறைக்கக் கூடாது. இம்மாதச் சர்க்கரை அளவை அனுப்பியாகிவிட்டது. சற்றுக் கூடுதல்தான். இரண்டு நாளாகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.