கண் தாவும் நேரம்

பீட்டர் வாட்ஸ் 2006இல் எழுதிய 'பிளைண்ட்சைட்' நாவலில் வரும் வேற்றுலக உயிர், நம் கண் ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் கணத்தில் மட்டும் அசையும். எதிரே நின்றாலும் தெரியாது. கற்பனைக்கு அடியில் இருப்பது அசல் நரம்பியல்: கண் தாவும்போது வரும் காட்சியை மூளை அடக்கிவிடுகிறது. தமிழக-கேரள எல்லையோரப் பாறசாலையில் சலூனுக்குப் போனால், கண்ணாடியில் உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் அசைவது உங்களுக்குத் தெரியாது. கத்தரியோடு பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும்!

இப்படியொரு கதை தமிழில் வர வேண்டுமென்று ஏங்குகிறேன். மூளையைப் பற்றி 'தலைமைச் செயலகம்' எழுதிய சுஜாதா நமக்கு இருந்தார். இழந்த கையில் உணரும் வலியைக் கண்ணாடிப் பெட்டியால் தணித்துக் காட்டிய வி.எஸ். ராமச்சந்திரன் மருத்துவம் படித்தது சென்னை ஸ்டான்லியில். அதே எல்லையில், களியக்காவிளைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இரண்டு மொழியில் யோசித்து வளரும் பிள்ளைகளே, யாராவது எழுதுங்கள். முதல் ஆளாக வாசிக்க நான் இருக்கிறேன்.