வரப்புல நிக்கற வெள்ளிச்செடி

சென்னையில இருக்கற எங்க அக்கா பொண்ணு ஒரு போட்டோ அனுப்பி, "மாமா, இது ஆர்ட்டிமீசியாவாம். இலை வெள்ளி மாதிரி இருக்கு, தண்ணி அதிகம் கேக்காதாம். நம்ம ஊர்ல கிடைக்குமா?"ன்னு கேட்டுச்சு. மொட்டை மாடி வெயில்ல அதுக்கு எந்தச் செடியும் நிக்க மாட்டேங்குதாம்.

அமெரிக்காவுல நெவாடா பக்கம் வறண்ட பூமியில அது புதர் புதரா நிக்கும். அந்த மாநிலத்துக்கு மாநிலப் பூவே அதோட பூதான். ஆனா அங்க குளிர்காலத்துல பனி கொட்டற பூமி. நம்ம ஐப்பசி அடைமழையில அந்த வேர் நின்னு தாங்கும்னு எனக்குத் தோணலை.

அதே குடும்பத்துச் செடி நம்மகிட்டயும் இருக்குதுங்க. கதம்பத்துல வச்சுக் கட்டற மரிக்கொழுந்துதான் அது! இலையை உத்துப் பாருங்க, சாம்பல் பூத்தாப்புல இருக்கும். மாசிபத்திரியும் அந்த வகையறாதான், இலையத் திருப்பினா அடிப்பக்கம் வெளுப்பு. ஆனா அது மலைக்குளிர் கேக்கற செடி. மரிக்கொழுந்தும் வறட்சிக்கு ஆகாது. பனிக்காலத்துல பாசனம் குடுத்து வளர்க்கணும், சுமார் நாலு மாசத்துல அறுத்துடணும். சித்திரை வெயிலுக்கு நிக்காது. வாசத்துக்கு ஒரு தொட்டி வைங்க, அவ்வளவுதான்.

வெயில்லயே கிடக்கற வெள்ளிச்செடி வேணும்னா எங்க வரப்புக்குத்தான் வரணும். பூளைதாங்க அது. சிறுபீளைன்னும் சொல்வாங்க. பொங்கலுக்கு முந்தி வேப்பிலை, ஆவாரம்பூவோட சேர்த்து வீட்டுக் கூரையில, மாட்டுக் கொட்டாய்ல, காட்டு மூலையில காப்புக் கட்டறோமே, அந்தப் பூ. மார்கழியில தண்டு முழுக்கப் பஞ்சு ஒட்டி வச்ச மாதிரி பூத்திருக்கும்.

அந்த வெளுப்பு சும்மா அழகுக்கு இல்லீங்க. இலை மேல பொடிப்பொடியா ரோமம். வெயிலைத் திருப்பி அனுப்பும், காத்து நேரா இலைமேல படாம தடுக்கும், அதனால ஈரம் சீக்கிரம் போகாது. எருக்குலயும் அந்த மாதிரி ஒரு வெள்ளைப் பூச்சு இருக்குதே, பார்த்திருப்பீங்க.

டவுன்காரங்க இதைக் கொல்றது பாசத்தாலதான். தினமும் தண்ணி, மாசத்துக்கு ஒருக்கா மண்புழு உரம். வேர் அழுகிடும், இல்லைன்னா தளதளன்னு வளர்ந்து சாஞ்சிடும். செம்மண்ணுல பாதிக்குப் பாதி மணல் கலந்து, அடியில நல்லா ஓட்டை இருக்கற தொட்டியில போடுங்க. காஞ்ச பூவைக் கசக்கினா கருப்பா மினுமினுன்னு விதை விழும். மேலாப்புல தூவினா போதும், மூட வேண்டாம். முளைச்சு வேர் பிடிக்கற வரைக்கும் தெளிங்க. அப்புறம் விரலை விட்டுப் பார்த்து, உள்ள காஞ்சிருந்தாத்தான் ஊத்தணும். கல்லடைப்புக்கு மருந்துன்னு இதைச் சொல்வாங்க. வளர்த்துட்டோம்னு நீங்களா காய்ச்சிக் குடிச்சுடாதீங்க, வைத்தியரைக் கேளுங்க.

இவ்வளவு சொல்றேன், எங்க ஊர்லயே அது கொறைஞ்சுகிட்டு வருது. போகிக்கு முன்னாடி கடைவீதியில காப்புக்கட்டை கட்டுக் கட்டி விக்கறாங்க. காடு வச்சிருக்கறவனே வரிசையில நின்னு வாங்கறான். எல்லாம் களைக்கொல்லி. குச்சிக்கிழங்குக் காட்டுக்கு அடிக்கறப்ப வரப்புக்கும் சேர்த்து அடிச்சுடறாங்க. பூளை, ஆவாரை எல்லாம் ஒரே வாரத்துல கருகிடும்.

எங்க பையனும் அதைத்தான் சொல்றான். ரெண்டு ஆளு ரெண்டு நாள் அறுக்கற வரப்பை அரை நாள்ல முடிச்சுடலாம்ங்கறான். கூலி கணக்குப் பார்த்தா அவன் சொல்றது சரிதான், என்னால மறுத்துப் பேச முடியலை. மத்த மூணு பக்கமும் உன் இஷ்டம், கிழக்கு வரப்பு மட்டும் என்னோடது, நான் அருவா எடுத்து அறுத்துக்கறேன்னுட்டேன்.

"முழங்கால் தாங்குமாப்பா?"ன்னான்.

தாங்கற வரைக்கும் அறுக்கறேன்னேன். இப்ப அங்க முழங்கால் உசரத்துக்குப் பூளை நிக்குது, நடுவுல ரெண்டு ஆவாரை.