செம்மஞ்சள் வட்டத்துக்குள் எட்டுக் கரண்டிச் சீனி

சீனியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் "அதெல்லாம் அவரவர் கட்டுப்பாடு மச்சான்" என்று சொல்லி முடித்துவைக்க எப்பவும் ஒருத்தர் இருப்பார். "குடிக்கிறது நீ, வருத்தம் வந்தால் கம்பனியிட்டப் போய் ஏன் கேக்கிறாய்?" என்பது அதற்கு அடுத்த வசனம். இந்தக் கதையைக் கன்ரீனிலும் பஸ்ஸிலும் கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சலித்துவிட்டது. ஆனால் பதில் சொல்லவேணும் என்றும் இருக்கிறது.

நாங்கள் ஒரே றூமில் ஆறு பேர். எல்லாரும் கலைப்பீடம். ஆறு பேரில் நாலு பேரின் வீட்டில் யாரோ ஒருவருக்குச் சலரோகம். ஒருவரின் அம்மா மாதாமாதம் விடியக் காலமை கிளினிக் கொப்பியோடு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறவ. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, இலவசமாகக் கிடைத்த குளிசையை வெளியில் காசுக்கு வாங்கினார்கள். அந்த மாதங்களில் ரியூசன் காசு கட்டப் பிந்தியது. "அவரவர் கட்டுப்பாடு" என்ற வசனத்துக்குள் இந்தச் செலவு வருவதே இல்லை.

இலங்கையில் விற்கிற இனிப்புப் பானங்களில் ஒரு நிற வட்டம் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். 2016 ஓகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி அது. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் குறைவென்றால் பச்சை என்றுதான் அப்போது வகுத்தார்கள். வீதிச் சமிக்ஞை விளக்கு மாதிரி, வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கவேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். 2019இல் திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் இதே மாதிரி நிறங்கள் வந்தன.

ஆனால் நாங்கள் 100 மில்லிலீற்றர் குடிப்பதில்லையே! குடிப்பது போத்தல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி உள்ள ஒரு சோடா. அந்த அளவுகோலில் செம்மஞ்சள். 400 மில்லிலீற்றர் போத்தல் என்றால் உள்ளே 40 கிராம். தேக்கரண்டி ஒன்றை 5 கிராம் என்று வைத்தால் எட்டுக் கரண்டி. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது, ஒருவர் நாளொன்றுக்கு எடுக்கும் சக்தியில் இப்படியான சீனியின் பங்கு 10 வீதத்துக்குக் குறைவாக இருக்கவேண்டும், 5 வீதத்துக்குக் குறைந்தால் இன்னும் நல்லது என்று. 2000 கலோரி எடுக்கிறவருக்கு அது 50 கிராம், 25 கிராம். ஆக, செம்மஞ்சள் வட்டம் போட்ட ஒரேயொரு போத்தல் அந்த 25ஐத் தாண்டிவிடும். வட்டமோ "பரவாயில்லை, கொஞ்சம் பார்த்துப் போ" என்கிற மாதிரித்தான் சிரிக்கும்.

"ஆர்ட்ஸ் படிக்கிற உங்களுக்கு ஏன் இந்தக் கிராம் கணக்கு?" என்று கேட்ட சீனியர் அண்ணாவும் இருக்கிறார். லேபிளும் ஒரு எழுத்துத்தானே அண்ணா. எது பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது, எது சின்னதாக, எதை வாசிக்கிறவரே பெருக்கிப் பார்க்கவேண்டும் என்று விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் எங்கட படிப்பு.

கம்பனிகளால் ஏலாத காரியமா இது? பிரித்தானியாவில் சீனிப் பானங்களுக்கான வரியை 2016இல் அறிவித்து 2018 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தினார்கள். 100 மில்லிலீற்றருக்கு 5 கிராமில் தொடங்கி ஒரு வீதம், 8 கிராமில் இருந்து அதைவிடக் கூடிய வீதம். வரி வரும் முன்னமே பல கம்பனிகள் தங்கள் கலவையை மாற்றிச் சீனியைக் குறைத்துவிட்டன. சிலியில் 2016 முதல், அளவுக்கு மேல் சீனி, உப்பு, கொழுப்பு உள்ள பொதிகளின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோணம். அப்படியானவற்றைப் பாடசாலைக்குள் விற்கவும் முடியாது. எங்கட நாட்டிலும் 2017 நவம்பரில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் என்று வரி வந்தது. அடுத்த வருடமே அதைக் குறைத்தார்கள். இங்கேயும் சில பானங்களில் சீனி குறைந்தது உண்மை. அப்படியென்றால் சட்டம் இறுக்கினால் குறைக்கலாம், இளக்கினால் அந்த அவசரம் இல்லை. இதில் குடிக்கிறவரின் கட்டுப்பாடு எங்கே வருகிறது?

பாடசாலைக் கதைக்கு வருவோம். சாதாரண தரத்துக்குச் சுகாதாரமும் உடற்கல்வியும் படித்த எல்லாருக்கும் தொற்றா நோய்கள் பாடம் ஞாபகம் இருக்கும். காரணம் எழுது, தடுக்கும் வழி எழுது, புள்ளி எடு. அதே பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஒரு பானக் கம்பனி அனுசரணை. மைதானம் சுற்றிப் பதாகை, வெய்யிலில் ஓடி வந்த பிள்ளைக்குக் குளிரான போத்தல். அதிபரையும் முழுதாகக் குறை சொல்ல ஏலாது. கூடாரத்துக்கும் கேடயத்துக்கும் காசு எங்கேயாவது இருந்து வரவேண்டும். ஆனால் காசு தருகிறவர் அந்தப் பிள்ளைகளின் வாய்ப்பழக்கத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். இதைச் 'சமூகப் பொறுப்பு' என்று ஆண்டறிக்கையில் எழுதுவதுதான் எங்களுக்குக் கோபம். பொறுப்பு என்றால் முதலில் போத்தலுக்குள் இருப்பதற்குப் பொறுப்பு எடுக்கட்டும். பிறகு மைதானத்துக்கு வரட்டும்.

இப்ப போனும் சேர்ந்துவிட்டது. கடையில் என்றால் போத்தலைத் திருப்பியாவது பார்க்கலாம். ஓடர் பண்ணுகிற அப்பில் நகம் அளவு படம். அதில் வட்டத்தை எங்கே தேடுவது? ஆனால் 'பேர்கரோடு சோடாவும் சேர்த்தால் விலை குறைவு' என்பது மட்டும் பெரிய எழுத்தில் தெரியும். போத்தலுக்கு ஒரு விதி, அதன் படத்துக்கு இன்னொரு விதியா?

சரி, கம்பனியை மட்டும் ஏசினால் கணக்கு முடியாது. எங்கட தேத்தண்ணிக்கு வட்டமே இல்லை. இரண்டு கரண்டி போட்ட பிளேன்ரீ நாலு குடித்தால் அதுவும் 40 கிராம். வீட்டுக்கு வந்தவருக்குச் சீனி குறைத்துக் கொடுத்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற ஊர் இது. கிளினிக்கில் டொக்டர் சொன்னதை அம்மா கேட்பா, ஆனால் செத்தவீட்டில் தருகிற தேத்தண்ணியை வேண்டாம் என்று எப்படிச் சொல்லுவா?

ஆனால் தேத்தண்ணியை மாற்ற எங்களால் ஏலும். கன்ரீன் அண்ணையிடம் போய், "அண்ணை, சீனியை வேறயா வையுங்கோ, வேணுமெண்டவை போடட்டும்" என்று கேட்டோம். "எறும்பு வரும் தம்பியவை, கரண்டியும் துலைஞ்சு போகும்" என்றார். இரண்டும் உண்மைதான். கடைசியில், ஊத்த முதல் "சீனி எத்தினை?" என்று கேட்பது என்று ஒத்துக்கொண்டார். சனம் கூடினால் மறந்துவிடுவார், நாங்கள் ஞாபகப்படுத்துவோம். அண்ணையிடம் இப்படிப் பேசி முடிக்கலாம். போத்தல் கம்பனியிடம் எந்தக் கவுண்டரில் போய்க் கேட்பது? அதனால்தான் அங்கே சட்டம் வேண்டும்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. 100 மில்லிலீற்றருக்கு என்று இல்லாமல், முழுப் போத்தலுக்கும் எத்தனை தேக்கரண்டி என்று முன்பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். அப்பில் காட்டும் படத்துக்குக் கீழேயும் போடுங்கள். பாடசாலைப் போட்டிகளுக்குப் பானக் கம்பனிகளின் அனுசரணையை நிறுத்துங்கள், அந்தக் காசை அரசு கொடுக்கட்டும். மைதானத்திலும் கம்பஸிலும் நம்பிக் குடிக்கக்கூடிய தண்ணிக் குழாய் வையுங்கள். தாகத்துக்குத் தண்ணி கிடைக்காத இடத்தில் கட்டுப்பாட்டைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டாம்.

அதுவரைக்கும், அடுத்த முறை கையில் எடுக்கிற போத்தலைத் திருப்பிப் பாருங்கள். கிராமைப் பெருக்குங்கள், ஐந்தால் பிரியுங்கள். வருகிற இலக்கத்தைப் பக்கத்தில் இருக்கிற "அவரவர் கட்டுப்பாடு" மச்சானுக்கும் ஒருக்காச் சொல்லுங்கள்.